புழுதி ஊரில் காருக்கு ஏர் ஃபில்டர், இன்டேக் தேர்வு செய்வது: தர்மபுரி, கிருஷ்ணகிரி வண்டிகளுக்கு முழுமையான வழிகாட்டி

பிக்கப் கூட வேண்டும், மைலேஜ் ஏற வேண்டும், சத்தம் கெத்தாக இருக்க வேண்டும். ஏர் ஃபில்டரையோ இன்டேக்கையோ (காற்றை எஞ்சினுக்குக் கொண்டுபோகும் குழாய், பாக்ஸ், ஃபில்டர் எல்லாம் சேர்ந்தது) மாற்ற நினைப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் இந்த மூன்றைத்தான். இதில் சத்தம் மட்டும்தான் காசு கொடுத்தால் உறுதியாகக் கிடைக்கும். மற்ற இரண்டும் உங்கள் வண்டியில் காற்று எங்கே, எவ்வளவு தடைபடுகிறது என்பதைப் பொறுத்தவை. அதைப் பார்க்காமல் நேராகக் கடைக்குப் போகிறவர்கள்தான் பல ஆயிரம் செலவு செய்துவிட்டு, கொஞ்ச நாளில் கழற்றிப் போட்ட பழைய ஏர் பாக்ஸை (ஃபில்டர் உட்காரும் பெட்டி) தேடுகிறார்கள்.

நம் பக்கம் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பர்கூர், ஜெகதேவி வழியில் கிரானைட் ஏற்றிய லாரிக்குப் பின்னால் போகிறோம். ஜல்லி கிரஷர் இருக்கும் ஊர்களில் டிப்பர் கிளப்பும் புழுதிக்குள் புகுந்து வருகிறோம். அறுவடைக் காலத்தில் கேழ்வரகுக் கதிரும் கொள்ளும் பரப்பிய தார் ரோட்டில் அதன் மேலேயே ஓட்டுகிறோம். அதனால் முடிவெடுக்கும்போது தூசி முதலில், அப்புறம் சூடு, அப்புறம் தண்ணீர். காற்றோட்டம் கடைசியில்தான்.

1. காரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

எஞ்சின் என்ன வகை என்று பாருங்கள். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது காற்றைத் தடுப்பது த்ராட்டில் தகடுதான் (மிதிக்கு ஏற்பக் காற்று வழியைத் திறந்து மூடும் தகடு), ஃபில்டர் இல்லை. ஃபில்டர் கொஞ்சம் அடைத்திருந்தால் தகடு அதற்கேற்பச் சற்று அதிகமாகத் திறந்துகொள்ளும். செலவாகும் பெட்ரோல் கிட்டத்தட்ட அதேதான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009ல் வெளியிட்ட ஆய்விலும் இதுதான் தெரிந்தது: ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் ஃபில்டர் அடைத்திருந்தால் முழு மிதியில் வேகம் எடுப்பது மந்தமாகிறது, மைலேஜில் சொல்லும்படி மாற்றம் இல்லை. ஆகவே மைலேஜுக்காக மட்டும் இன்டேக் மாற்ற நினைத்தால் இங்கேயே நிறுத்திவிடலாம்.

டர்போ உள்ள வண்டி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். ஃபில்டரைத் தாண்டி வரும் மண் முதலில் அடிப்பது நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய, டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் இறக்கைகளைத்தான்.

அடுத்தது சென்சார். ஏர் பாக்ஸை விட்டு வெளியே வந்ததும் குழாயிலேயே ஒயர் கனெக்டரோடு ஒரு சென்சார் இருந்தால் அது பெரும்பாலும் மாஃப், அதாவது உள்ளே போகும் காற்றின் நிறையை அளப்பது. அங்கே ஒன்றும் இல்லாமல் இன்டேக் மேனிஃபோல்டில் (த்ராட்டிலைத் தாண்டி, காற்றை சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் குழாய்) இருந்தால் மேப், அதாவது அழுத்தத்தை அளப்பது. சில வண்டிகளில் காற்றின் வெப்பநிலையை மட்டும் அளக்கும் சிறிய சென்சாரும் பாக்ஸில் இருக்கும். சந்தேகம் என்றால் உங்கள் மாடலைச் சொல்லி மெக்கானிக்கிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். எண்ணெய் தடவிய ஃபில்டரைப் போடலாமா, குழாயின் விட்டத்தை மாற்றலாமா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இந்தச் சென்சாரில்தான் இருக்கிறது.

2. பாக்ஸைத் திறந்து, ஃபில்டருக்கு அந்தப் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள்

தேவையானவை: கிளிப்பைத் தள்ள ஒரு ஸ்க்ரூ டிரைவர், 8, 10 எம்.எம் சாக்கெட், டார்ச், துவைத்த வெள்ளைத் துணி. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும்.

ஃபில்டரை வெளியே எடுத்ததும் எல்லோரும் அதன் அழுக்குப் பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். அது கறுத்திருப்பது அது வேலை செய்திருக்கிறது என்பதற்கான அடையாளம். பார்க்க வேண்டியது சுத்தமான பக்கத்தை. பாக்ஸ் மூடியின் உட்புறத்தையும், எஞ்சினுக்குப் போகும் குழாயின் வாயையும் வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள்.

துணி வெள்ளையாக வந்தால் நல்லது. லேசான எண்ணெய்ப் பசை மட்டும் என்றால் அது எஞ்சின் பிரீதரில் (எஞ்சினுக்குள் சேரும் புகையைக் காற்றுக் குழாய்க்குத் திருப்பும் ஹோஸ்) இருந்து வருவது, பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் விபூதி போல மெல்லிய சாம்பல் நிறப் பொடி ஒட்டினால் உங்கள் வண்டி ஏற்கெனவே மண் தின்றுகொண்டிருக்கிறது. அந்தப் பொடியை விரலில் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். கிரானைட் தூசியில் குவார்ட்ஸ் நிறைய உண்டு. மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. சிலிண்டர் சுவரின் வார்ப்பிரும்பை அது தாராளமாகக் கீறும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் உரசும் இடத்தில் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் சில மைக்ரான்தான். 5 முதல் 20 மைக்ரான் அளவுள்ள துகள்தான் அங்கே அதிகம் தேய்க்கும். அது கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது.

பொடி இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். ஃபில்டரைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் தூசிக் கோடு தாண்டியிருந்தால் சீல் அங்கே உட்காரவில்லை. பாக்ஸ் கிளிப் உடைந்திருக்கலாம், மூடியின் பின்பக்கக் கொக்கி பள்ளத்தில் விழாமல் இருந்திருக்கலாம், மூடி வளைந்திருக்கலாம். சர்வீஸுக்கு விட்டு வந்த வண்டிகளில் இந்தக் கொக்கிதான் அதிகம் தவறுகிறது. முன்பக்கக் கிளிப்பை மாட்டிவிட்டால் மூடி மூடியது மாதிரியே தெரியும், பின்னால் நூலளவு இடைவெளி இருக்கும்.

இதைச் சரி செய்யாமல் எந்த விலையுயர்ந்த ஃபில்டர் வாங்கினாலும் பயன் இல்லை. காற்று தடை குறைந்த வழியைத்தான் தேடும். ஃபில்டரைச் சுற்றிப் போக வழி இருந்தால் அந்த வழியாகவும் போகும்.

3. கம்பெனி பேப்பர் ஃபில்டரைப் புதிதாகப் போட்டு அங்கிருந்து தொடங்குங்கள்

அடைத்துப் போன பழைய ஃபில்டரைக் கழற்றி, புதிய ஹை ஃப்ளோ (காற்றுத் தடை குறைந்த) ஃபில்டரைப் போட்டால் வண்டி பறப்பது மாதிரி இருக்கும். அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு புதியது என்பதால் வந்தது. சில நூறு ரூபாய் பேப்பர் ஃபில்டர் போட்டிருந்தாலும் அதே வந்திருக்கும். ஒப்பிடுவதென்றால் புதியதோடு புதியதை ஒப்பிடுங்கள்.

பழையதில் "ஏர் அடிச்சுப் போட்டுடலாம்ணா" என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரஸரின் அழுத்தம் பேப்பர் இழைகளை விரித்துவிடும். வெளியே இருந்து அடித்தால் தூசி உள்ளே இன்னும் இறுகும். இன்னொன்று, பேப்பர் ஃபில்டரில் படியும் முதல் தூசி அடுக்கே கொஞ்சம் வடிகட்டவும் செய்கிறது. வாரம் ஒரு முறை தட்டி ஊதி "சுத்தமாக" வைப்பவர்களின் வண்டியில்தான் தூசி அதிகம் தாண்டுகிறது. வைக்கோல் துணுக்கு, இலை, பூச்சி விழுந்திருந்தால் கையால் எடுத்துப் போடுங்கள், போதும்.

4. தடை எவ்வளவு என்று அளந்து பாருங்கள்

இந்த வேலையில் பணத்தை மிச்சப்படுத்தும் படி இதுதான். அநேகமாக யாரும் செய்வதில்லை. செலவு மிகக் குறைவு.

வேண்டியவை: கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் உள்ளே தெரிகிற டியூப் நாலைந்து மீட்டர், ஒன்றரை மீட்டர் பலகை, டேப் அல்லது ஸ்கேல், நிறம் கலந்த தண்ணீர், ஒரு காலி தண்ணீர் பாட்டில், பிரீதர் ஹோஸின் அளவுக்கு ஒரு டீ (T வடிவ இணைப்பு). டீ சொட்டுநீர்ப் பாசனப் பொருட்கள் விற்கும் கடையில் பல அளவில் கிடைக்கும்.

டியூபைப் பலகையில் U வடிவில் கீழே வளைத்து, அதன் இரண்டு கையும் மேலே நிற்கும்படி கட்டுங்கள். பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனையைக் காருக்குள் திறந்தபடி விடுங்கள். மறுமுனைதான் எஞ்சின் பக்கம் போகிறது.

எஞ்சினில் இருந்து ஃபில்டருக்குப் பிந்தைய காற்றுக் குழாய்க்கு ஒரு பிரீதர் ஹோஸ் வரும். அதன் நடுவில் டீயைப் போட்டு டியூபை அதில் சொருகுங்கள். குழாயில் புதிதாக ஓட்டை போட வேண்டியதில்லை. போட்ட ஓட்டையைப் பின்னால் சரியாக அடைக்காவிட்டால் அது நிரந்தரத் தூசி வாசல்.

இங்கே ஓர் எச்சரிக்கை. த்ராட்டிலுக்கு அப்பால், மேனிஃபோல்டில் இருந்து வரும் வேக்குவம் குழாயில் எக்காரணம் கொண்டும் இதை இணைக்காதீர்கள். அங்கே உள்ள உறிஞ்சல் தண்ணீரை மொத்தமாக எஞ்சினுக்குள் இழுத்துவிடும். எந்தக் குழாய் எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் தெரிந்த மெக்கானிக்கை வைத்துக்கொண்டு செய்யுங்கள். சரியான இடத்தில் இணைத்தாலும், தவறித் தண்ணீர் போனால் தேங்கட்டும் என்று நடுவில் காலி பாட்டிலை இறுக்கமாக இணைத்துக்கொள்ளுங்கள்.

டியூப் நசுங்காதபடி பானெட் ஓரமாக ஜன்னல் வழியே உள்ளே கொண்டுவாருங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத, நேரான, லேசான ஏற்றமுள்ள சாலையை அதிகாலையில் தேர்ந்தெடுங்கள். தொப்பூர் கணவாயில் வேண்டாம். அங்கே முன்னும் பின்னும் வரும் லாரிகளைக் கவனிப்பதே முழு வேலை. இரண்டாம் கியரில், வேக வரம்புக்குள், குறைந்த சுற்றில் இருந்து முழுதாக மிதித்து மேலே கொண்டுபோங்கள். பக்கத்தில் இருப்பவர் டியூபையும் டேக்கோமீட்டரையும் (எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டர்) சேர்த்து வீடியோ எடுக்கட்டும். ஓட்டுகிறவர் டியூபைப் பார்க்கவே கூடாது.

வீடியோவை நிறுத்தி, அதிகச் சுற்றில் இரண்டு கையிலும் தண்ணீர் மட்டத்தின் வித்தியாசத்தை எழுதுங்கள். ஒரு கை ஏறியதை மட்டும் அல்ல, இரண்டுக்கும் இடையே உள்ள முழு உயரத்தை. இது பாக்ஸின் மூக்குக் குழாயும் (வெளிக்காற்றை பாக்ஸுக்குள் கொண்டுவரும் முன்குழாய்) ஃபில்டரும் சேர்ந்து தரும் தடை.

அடுத்து டியூபின் முனையை மாற்றுங்கள். பெரும்பாலான பாக்ஸின் அடியில், ஃபில்டருக்கு முந்தைய பக்கம், தண்ணீர் வடிய ஒரு சிறு துளை இருக்கும். முனையை அதில் லேசாக நுழைத்து, சுற்றி டேப் ஒட்டி, அதே ஓட்டம். இது மூக்குக் குழாயின் தடை மட்டும். முதல் எண்ணில் இருந்து இதைக் கழித்தால் ஃபில்டரின் பங்கு தனியாகக் கிடைக்கும்.

5. அந்த எண் என்ன சொல்கிறது

வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 10 மீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமம். அதனால் 100 மி.மீ வித்தியாசம் என்றால் அது வளிமண்டலத்தில் ஒரு சதவீதம். டர்போ இல்லாத வண்டியில் அந்தத் தடையை அடியோடு நீக்கினாலும் கூடுதலாகக் கிடைக்கும் காற்று ஏறத்தாழ அந்த ஒரு சதவீதம்தான், அதுவும் முழு மிதியில், அதிகச் சுற்றில் மட்டும்.

ஒரு வண்டியில் மொத்தம் 200 மி.மீ, அதில் ஃபில்டரின் பங்கு 60 என்று வைத்துக்கொள்வோம். ஃபில்டரை மாற்றி அதைப் பாதியாக்கினால் மிச்சம் 30 மி.மீ. ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. தடை மூக்குக் குழாயில் இருக்கிறது. அங்கே இலை அடைத்திருக்கிறதா, முன்பக்கம் லேசாக இடித்ததில் நசுங்கியிருக்கிறதா, யாராவது பழுது பார்த்தபோது துணியை விட்டுவிட்டார்களா என்று பார்ப்பதுதான் அடுத்த வேலை.

ஃபில்டரின் பங்கு மட்டும் 150, 200 என்று வந்து, அது புதிய பேப்பர் ஃபில்டராகவும் இருந்தால் பரப்பு அதிகமுள்ள ஃபில்டர் தேடுவதில் நியாயம் இருக்கிறது. ரீமேப் செய்து (எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி) டர்போ அழுத்தத்தைக் கூட்டிய வண்டிகளில் இப்படி வர வாய்ப்பு உண்டு, ஏனென்றால் கம்பெனி கணக்கிட்டதைவிட அதிகக் காற்று அதே ஃபில்டர் வழியாகப் போகிறது.

அளவு புரிய ஒரு கணக்கு: 1.2 லிட்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் 6,000 சுற்றில் ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை நிரம்புவதால், அதிகபட்சம் நிமிடத்துக்கு 3,600 லிட்டர் காற்று. நடைமுறையில் 3,000 லிட்டர் என்று கொள்ளலாம். கம்பெனி பேனல் ஃபில்டர் (பாக்ஸுக்குள் உட்காரும் தட்டையான ஃபில்டர்) இதற்குத் தாராளமாக இருக்கும்படிதான் செய்யப்படுகிறது.

ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. ஓசூர் கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோர ஊர்களைவிட அங்கே காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத வண்டி அங்கே கொஞ்சம் சோர்வாக இழுப்பது இயல்பு. எந்த ஃபில்டரும் அதை ஈடுகட்டாது.

6. எந்த வகையை எடுப்பது

கம்பெனி பேப்பர் ஃபில்டர்: கிரஷர், குவாரி, மண் ரோடு வழியாக தினமும் போகிறவர்களுக்கு என் முதல் தேர்வு இதுதான், தயக்கமே இல்லாமல். மலிவு, சீல் அச்சாகப் பொருந்தும், மெல்லிய தூசியை நன்றாகப் பிடிக்கும். புழுதி அதிகம் என்றால் கையேட்டில் கடினமான பயன்பாட்டுக்கு என்று தனியாகப் போட்டிருக்கும் இடைவெளியில் மாற்றுங்கள்.

எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர்: கே அண்ட் என், பி.எம்.சி போன்றவை பழைய பாக்ஸிலேயே உட்காரும்படி தருகிறார்கள். கழுவித் திரும்பப் போடலாம், காற்றுத் தடை குறைவு. இந்த வகையின் தூசி பிடிக்கும் திறனைப் பார்க்கும்போது சதவீதத்தைத் திருப்பிப் போட்டுப் படியுங்கள். 99 சதவீதம் பிடிக்கும் ஃபில்டருக்கும் 97 சதவீதம் பிடிக்கும் ஃபில்டருக்கும் வித்தியாசம் இரண்டுதான் என்று தோன்றும். உள்ளே விடுவது ஒன்றா மூன்றா என்று பார்த்தால் மூன்று மடங்கு. நான்கு வழிச் சாலையிலேயே சேலம், பெங்களூரு என்று ஓடும் வண்டிக்கு இது பெரிய விஷயம் இல்லை. பென்னாகரம், அரூர் உள்கிராமங்களில் சுற்றும் வண்டிக்குப் பெரிய விஷயம். மாஃப் சென்சார் உள்ள வண்டியில் எண்ணெய் அதிகமானால் அது பறந்து போய்ச் சென்சார் கம்பியில் படியும், அளவு தப்பும்.

எண்ணெய் இல்லாத செயற்கை இழை ஃபில்டர்: கழுவலாம், எண்ணெய்த் தொல்லை இல்லை. மாஃப் உள்ள வண்டியில் மாற்றியே தீர வேண்டும் என்றால் இதைப் பாருங்கள். ஏ.இ.எம் போன்றவர்கள் தருகிறார்கள். எல்லா மாடலுக்கும் கிடைக்காது.

திறந்த கூம்பு ஃபில்டர்: பாக்ஸைத் தூக்கிவிட்டு பானெட்டுக்குள் நேராக மாட்டுவது. இளைஞர்கள் அதிகம் விரும்புவது இதைத்தான், நான் வேண்டாம் என்று சொல்வதும் இதைத்தான். வெளியே 40 டிகிரி, பானெட்டுக்குள் 70 டிகிரி என்று எடுத்துக்கொள்ளுங்கள். கெல்வினில் 313, 343. காற்றின் அடர்த்தி அந்த விகிதத்தில் குறையும், அதாவது சுமார் 9 சதவீதம். ஒன்றிரண்டு சதவீதத் தடையை நீக்க ஒன்பது சதவீதக் காற்றைக் கொடுப்பது என்ன வியாபாரம்? ஓடும்போது கொஞ்சம் ஆறும், ஆனால் டோல்கேட் வரிசையிலும் ஊருக்குள்ளும் சூடு ஏறிவிடும். ஓ.பி.டி ஸ்கேனரில் (எஞ்சின் கம்ப்யூட்டரின் சென்சார் அளவுகளைக் காட்டும் கருவி) உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பாக்ஸில் இருந்த ரெசனேட்டரும் (உறிஞ்சும் சத்தத்தை அடக்கும் அறை) போய்விடுவதால் உறிஞ்சும் சத்தம் பெரிதாகக் கேட்கும். சத்தம் கூடியதும் வேகம் கூடியதாகக் காது நம்பிவிடுகிறது. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள்.

குளிர்காற்று இன்டேக்: ஃபில்டரை முன் பம்பருக்குப் பின்னால் அல்லது சக்கர வளைவுக்குள் இறக்குவது. சூட்டுப் பிரச்சினை இல்லை, ஆனால் தண்ணீர் இருக்கிறது. மழை நாளில் ரயில்வே தரைப்பாலத்தில் தேங்கும் தண்ணீரோ, ஏரி நிரம்பி ரோட்டில் ஓடும் தண்ணீரோ ஃபில்டர் உயரத்துக்கு வந்தால் எஞ்சின் அதை உறிஞ்சும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். முன் சக்கரம் கிளப்பும் மண்ணும் நேராக அதன் மேல்தான். இதை எடுப்பதானால் ஃபில்டரைச் சுற்றித் தடுப்பு, மூடிய பெட்டி இருக்கும் கிட்டை மட்டும் பாருங்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல வழி உண்டு: கம்பெனி பாக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மூக்குக் குழாய் கிரில் பக்கத்தில் இருந்து வெளிக்காற்றை எடுக்கிறதா என்று உறுதி செய்து, நல்ல பேனல் ஃபில்டர் போடுவது. பெரும்பாலான வண்டிகளுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

7. சட்டம், வாரண்டி, இன்சூரன்ஸ்

மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி குறிப்பிட்டதில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. சத்தம், புகை வரம்புகள் தனி. பழைய பாக்ஸுக்குள் ஃபில்டரை மட்டும் மாற்றுவது ஆர்.சி. விவரம் எதையும் தொடாது. முழு இன்டேக் மாற்றும்போதுதான் கேள்வி எழும்.

வாரண்டியில் உள்ள வண்டி என்றால் சர்வீஸ் சென்டரில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றத்தைத் தெரிவியுங்கள். தண்ணீர் புகுந்து எஞ்சின் போனால் சாதாரண பாலிசியில் பணம் வராமல் போகலாம். எஞ்சின் ப்ரொடெக்ட் என்ற கூடுதல் கவர் பாலிசியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

8. கடையில் பார்க்க வேண்டியவை

பழைய ஃபில்டரைக் கையோடு கொண்டு போங்கள். மாடல் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் பெட்ரோல், டீசல், பி.எஸ்4, பி.எஸ்6 என்று நான்கு வேறு ஃபில்டர் இருக்கும். பார்ட் நம்பரை ஒப்பிட்டு, அப்புறம் இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து நீளம், அகலம், விளிம்பின் தடிமன் மூன்றையும் பாருங்கள். நீளமும் அகலமும் சரியாக இருந்து, விளிம்பு இரண்டு மி.மீ மெலிதாக இருந்தால் மூடி மூடிவிடும், சீல் இருக்காது. போலியிலும் அதிகம் தப்புவது இந்த விளிம்புதான்.

ஐ.எஸ்.ஓ 5011 சோதனை முடிவு இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபில்டர்களை அளக்கும் முறை அது: எவ்வளவு தூசி பிடிக்கிறது, எவ்வளவு கொள்ளும், தடை எவ்வளவு என்று மூன்றும் தெரியும். காற்றோட்டத்தை மட்டும் பெரிதாக அச்சிட்டு, தூசி பற்றி ஒரு வரி கூட இல்லாத அட்டைப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

முழு கிட் என்றால் மாஃப் உட்காரும் குழாயின் உள்விட்டம் கம்பெனிக் குழாயோடு ஒன்றா என்று அளவுகோல் வைத்தே பாருங்கள். மாஃப் அந்த விட்டத்தை நம்பித்தான் காற்றைக் கணக்கிடுகிறது. குழாய் பெரிதானால் காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைவாகச் சொல்லும், பெட்ரோல் குறைவாகப் போகும்.

9. மாட்டும் வரிசை

எஞ்சின் ஆறட்டும். சென்சார் கனெக்டரைக் கழற்றுவதாக இருந்தால் முதலில் சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள்.

கழற்றும் முன் பாக்ஸைச் சுற்றியுள்ள புழுதியை ஈரத் துணியால் துடையுங்கள். ஏர் அடிக்க வேண்டாம். மூடியைத் திறந்ததும் மேலே இருக்கும் மண்தான் முதலில் உள்ளே விழும்.

ஃபில்டரை எடுத்த உடனே எஞ்சினுக்குப் போகும் குழாயின் வாயில் சுத்தமான துணியை அடையுங்கள், ஒரு நுனி வெளியே நன்றாகத் தொங்கட்டும், மறந்து மூடிவிடாமல் இருக்க. பாக்ஸின் அடிப்பகுதியை வேக்குவம் வைத்தோ ஈரத் துணியாலோ சுத்தம் செய்து, வடிகால் துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

துணியை எடுங்கள். புதிய ஃபில்டரை அம்புக்குறி இருந்தால் அதன்படி வையுங்கள். விளிம்பைச் சுற்றி விரலால் ஒரு சுற்று அழுத்தி வாருங்கள். மூடியின் பின்பக்கக் கொக்கியை முதலில் பள்ளத்தில் விட்டு, அதன் பிறகே முன் கிளிப். போல்ட் என்றால் குறுக்குக் குறுக்காக, பிளாஸ்டிக் மரை வழுக்காத அளவுக்கு.

பிரீதர் ஹோஸைத் திரும்ப மாட்டினீர்களா? கிட் போடுபவர்கள் பலர் இதற்குத் தனியாகக் குட்டி ஃபில்டர் போட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். எஞ்சினின் புகை அதன் வழியே வெளியே வந்து பானெட் முழுக்க எண்ணெய் படியும், மாசு விதிக்கும் அது ஆகாது. பழைய இடத்திலேயே கொடுங்கள்.

10. மாட்டிய பிறகு பார்க்க வேண்டியவை

பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலில் நிற்கும்போது ஃபில்டருக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு இணைப்பிலும் காதை வைத்துக் கேளுங்கள், ஃபேனில் இருந்து கையும் சட்டையும் தள்ளி. "ஸ்ஸ்" என்று வந்தால் கிளாம்ப் இறுகவில்லை.

ஓ.பி.டி ஸ்கேனர் இருந்தால் பெட்ரோல் வண்டியில் லாங் டேர்ம் ஃபியூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) பாருங்கள். மாற்றும் முன் எழுதி வைத்ததோடு ஒப்பிட வேண்டும், அதனால் முன்பே எழுதி வையுங்கள். சில நாள் ஓடிய பிறகு அது பத்து சதவீதத்துக்கு மேல் நகர்ந்திருந்தால் காற்றுக் கசிவோ, மாஃப் கணக்குத் தப்பியதோ இருக்கிறது. செக் எஞ்சின் விளக்கு எரியும் வரை காத்திருக்க வேண்டாம்.

தண்ணீர் டியூபை மறுபடி மாட்டி அதே சாலையில், அதே கியரில் அளந்து பாருங்கள். எண் குறைந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

ஆயிரம் கிலோமீட்டர் போன பிறகு பாக்ஸைத் திறந்து வெள்ளைத் துணிச் சோதனையை ஒரு முறை செய்யுங்கள். இந்த முறை துணியில் பொடி தெரிந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் கழற்றிவிட்டுக் கம்பெனி ஃபில்டரைப் போடுங்கள். பழைய பாக்ஸை எடைக்குப் போடாமல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

11. கழுவும் ஃபில்டரைப் பராமரிப்பது

கே அண்ட் என் தன் பேனல் ஃபில்டர்களைக் கழுவாமல், ஓடும் சூழலைப் பொறுத்து, 50,000 மைல் வரை, அதாவது 80,000 கிலோமீட்டர் வரை ஓட்டலாம் என்கிறது. அது நல்ல நெடுஞ்சாலைக்கான கணக்கு. இங்கே சர்வீஸுக்கு ஒரு முறை திறந்து பாருங்கள். மடிப்பின் கம்பி வலை தூசிக்குள் மறையத் தொடங்கினால் கழுவும் நேரம்.

அதற்கென்று உள்ள கிளீனரைத் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, சுத்தமான பக்கத்தில் இருந்து அழுக்குப் பக்கம் நோக்கி மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். பெட்ரோல், டீசல், சோப்புத்தூள் எதுவும் வேண்டாம். வாட்டர் வாஷ் கன்னும் வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள். முழுதாகக் காயாமல் எண்ணெய் போட்டால் அது பரவாது, அதனால் இதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். அதுவரை வண்டி ஓட வேண்டும் என்றால் பேப்பர் ஃபில்டரைப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபில்டர் இல்லாமல் பக்கத்து ஊர் வரை கூட எடுக்காதீர்கள்.

காய்ந்ததும் ஒவ்வொரு மடிப்பின் மேலும் ஒரு கோடு எண்ணெய். இருபது நிமிடம் கழித்து வெளிறிய இடம் தெரிந்தால் அங்கே மட்டும் இன்னொரு தொடல். கையில் தூக்கிப் பிடித்தால் சொட்டக் கூடாது. சொட்டினால் அதிகம், பேப்பர் டவலில் ஒற்றி எடுத்துவிட்டு, ஓர் இரவு விட்ட பிறகு மாட்டுங்கள்.